இழுத்துக்கினு கீது

எங்கள் பக்கத்தில் யாராவது போன் செய்து "பெருசுக்கு இழுத்துக்கினு கீது" என்று சொன்னால் நான் உடனே பதற மாட்டேன். "எது இழுக்குது?" என்று கேட்பேன். கேட்டே ஆக வேண்டும். மூச்சு வாங்கி நெஞ்சுக்குள் விசில் அடித்தாலும் அதுதான் சொல். பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் மடங்கிப்போனாலும் அதே சொல். சாகக் கிடக்கிறார், உயிர் போகாமல் நிற்கிறது என்றாலும் அதையேதான் சொல்வார்கள். எந்த இழுப்பு என்று தெரிந்தால்தான் ஆஸ்பத்திரிக்குச் சொல்வதா, சொந்தக்காரர்களுக்குச் சொல்வதா என்று தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அதை ஒருவன் கேட்காமல் விட்டான்.

என் வீடு செங்கல்பட்டில் இருக்கிறது. வாசலில் 'முதியோர் நல ஆலோசகர்' என்று பலகை மாட்டியிருக்கிறேன். மாட்டிய புதிதில் அதைப் பார்த்து உள்ளே வந்த முதல் ஆள், "எத்தினி பெட்டு கீது மேடம்?" என்று கேட்டார். முதியோர் இல்லம் என்று நினைத்துவிட்டார். அடுத்து வந்த அம்மா, வீட்டோடு தங்க ஒரு பெண்ணை அனுப்ப முடியுமா என்றார். "அனுப்ப மாட்டேன், நானே வீட்டுக்கு வந்து, எப்படிப் பார்த்துக்கணும்னு உங்களுக்குச் சொல்லித் தருவேன்" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "எங்க மாமியாரப் பாத்துக்க எங்களுக்குத் தெரியாதா இன்னா?" என்று கேட்டுவிட்டுப் போனார். தெரியாது. அதைத்தான் இத்தனை வருடமாக நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

வயதானவர்கள் வார்டில் நர்ஸாகப் பல வருடம் இருந்துவிட்டு, முதுமையியல் படித்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன். கட்டிலை எந்தப் பக்கம் போட வேண்டும், எந்த மாத்திரையோடு எந்த மாத்திரை ஒத்துப்போகாது, முதுகு ஒடியாமல் ஒருவரை எப்படித் தூக்கி உட்கார வைப்பது, மறதி வந்த அப்பாவிடம் ஒரே பதிலைப் பத்தாவது முறையும் எரிச்சல் இல்லாமல் எப்படிச் சொல்வது, இவைதான் என் வேலை. கூடுவாஞ்சேரி அடுக்குமாடிகளில் காலை ரயிலைப் பிடித்து ஓடும் பிள்ளைகள், மாமல்லபுரத்தில் கல்தூசு நெஞ்சில் ஏறிய தகப்பனை வைத்திருக்கும் குடும்பம், செங்கல்பட்டு பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய் வீடு என்று எல்லா வாசலிலும் செருப்பைக் கழற்றியிருக்கிறேன்.

எல்லா வீட்டிலும் ஒரு வாக்கியம் பொதுவாக இருக்கும். "நாங்க பாத்துக்கிறோம் மேடம்." கூடத்தில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு ஒருவர் இதைச் சொல்வார். அவர் பார்த்துக்கொள்ளப் போவதில்லை. பார்த்துக்கொள்ளப் போகிறவள் அந்த நேரத்தில் அடுப்படியில் எனக்கு டீ போட்டுக்கொண்டிருப்பாள். அதனால் நான் கூடத்தில் உட்காருவதை விட்டுவிட்டேன். போனதும் நேரே அடுப்படிக்குப் போய்விடுவேன். "இந்த மேடம் ஒரு மாதிரி" என்று பெயர் வாங்கியிருக்கிறேன். வாங்கிக்கொண்டு போகட்டும்.

நெம்மேலிப் பக்கம் இருந்த அந்த வீட்டுக்கு நான் போனது ஒரு மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால். அந்த மனிதருக்கு எழுபதுகூட ஆகவில்லை. சின்ன வயதில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு அறுப்பு அறுத்தவர், சவுக்குத் தோப்பில் மரம் வெட்டியவர். பிறகு கடற்கரை ஓட்டல் ஒன்றில் தோட்டக்காரராக இருந்து, அந்தச் சம்பளத்தில் மகனை டிப்ளமா படிக்க வைத்தார். மகன் இப்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். கூடுவாஞ்சேரியில் சொந்த வீடு. மகள் எட்டாவதோடு நின்றவள். கல்யாணம் ஆகியும் புருஷனோடு அப்பா வீட்டிலேயே இருந்தாள். புருஷன் கொத்தனார். இதற்கு மேல் அந்தக் குடும்பத்தில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டியவர்கள் இல்லை. சாகக் கிடக்கிறார் என்றால்தான் மற்றவர்கள் வந்தார்கள்.

பக்கவாதம் வலது பக்கத்தை அடித்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. 'ம்' என்ற ஒரு சத்தத்தைத்தான் பல சுரத்தில் சொல்வார். ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் போட்டு அனுப்பியிருந்தார்கள். கொஞ்ச நாளில் அதை எடுத்தும் விட்டார்கள். எடுத்தபின் வாயால் எப்படிக் கொடுக்க வேண்டும் என்று ஒருவர் வேகவேகமாகப் பாதி ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். மகள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

நான் போன அன்று அவரைப் படுக்க வைத்தபடியே டம்ளரில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் புரையேறியது. அவள் சிரித்துக்கொண்டே அவர் உச்சந்தலையைத் தட்டி, "எங்க அண்ணன் நெனச்சிக்கினு கீறாரு போல மேடம்" என்றாள்.

"உங்க அண்ணன் நெனைக்கல. தண்ணி நுரையீரலுக்குப் போகுது" என்றேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு விளங்கும்படி சொன்னேன். தொண்டையில் சோற்றுக்கு ஒரு வழி, காற்றுக்கு ஒரு வழி. நடுவில் ஒரு கதவு இருக்கிறது. இவருக்கு அந்தக் கதவு மெதுவாகத்தான் மூடுகிறது. தண்ணீர், பால், டீ, ரசம் எல்லாம் கதவு மூடுமுன் ஓடிவிடும், காற்றுவழியில் போகும், சளியாகும், காய்ச்சலாகும், ஆளைக் கொல்லும். கெட்டியாக இருந்தால் மெதுவாக இறங்கும், கதவுக்கு நேரம் கிடைக்கும். அவளுக்கு நான் சொல்லித் தந்தது இவ்வளவுதான்: நேராக உட்கார வை. தாடையை நெஞ்சைப் பார்த்துத் தாழ்த்து. கேழ்வரகுக் கூழைக் கரண்டியில் நிற்கிற பதத்தில் கிளறு. ஒரு வாய் கொடு. தொண்டை முடிச்சு மேலே ஏறி இறங்குகிறதா என்று விரல் வைத்துப் பார். இறங்கினால் அடுத்த வாய்.

"ஒரு கிண்ணம் கூழுக்கு அர நாளு போய்டுமே மேடம்" என்றாள்.

"போகும்" என்றேன்.

அந்தப் பெண் அதைச் செய்தாள். நான் பார்த்த எத்தனையோ படித்த வீடுகளில் மூன்றாம் நாளே "எங்களால முடியல, டியூபே போட்டுடுங்க" என்பார்கள். இவள் மாதக்கணக்கில் செய்தாள். மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் துணி துவைக்கும் பிரிவில் வேலை இருந்தது, அதை விட்டுவிட்டாள். நான் வாரம் ஒருமுறை போவேன், பிறகு மாதம் இருமுறை. போகும்போதெல்லாம் அவர் முகத்தில் கொஞ்சம் சதை ஏறியிருக்கும்.

அவர் ஒரு டீப் பைத்தியம். டீயில் மெடிக்கலில் விற்கும் மாவைப் போட்டுக் கெட்டியாக்கிக் கொடுத்தோம். முதல் வாயிலேயே என்னைப் பார்த்து ஒரு 'ம்' போட்டார். அதற்கு மேல் கெட்ட வார்த்தை ஒன்றும் தேவையில்லை. மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் அவர் புத்தி தெளிவாக இருந்தது. எது ஆபத்து என்று தெரிந்துகொண்டார். நான் வேண்டுமென்றே ஒரு டம்ளர் வெறும் தண்ணீரை அவர் முன்னால் நீட்டுவேன். உதட்டை இறுக மூடித் தலையை ஆட்டுவார். நான் கைதட்டுவேன். பக்கத்து வீட்டுக்காரி பாசத்தில் ரசம் கொண்டுவந்தபோதும் அப்படித்தான், வாயைத் திறக்கவே இல்லை. அந்தத் தலையாட்டலை என் தொழிலில் நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்றாக நினைத்திருந்தேன். கர்வம்கூட இருந்தது.

அவர் தேடியது மகனைத்தான். வாசலில் பைக் சத்தம் கேட்டால் இடது கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்ப்பார். மருமகன் வண்டி என்று தெரிந்ததும் மறுபடி சாய்ந்துகொள்வார். மகள் இதைப் பார்த்துக்கொண்டே கூழைக் கிளறுவாள்.

மகனுக்கு நான் எத்தனை முறை போன் செய்தேன் என்று எனக்கே தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், நான் இருக்கும்போது வாருங்கள், உங்கள் கையால் ஒரு வேளை கூழ் கொடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள், உங்கள் தங்கைக்கு ஒரு நாள் ஓய்வு கிடைக்கும், அப்பாவுக்கும் முகம் மலரும் என்று சொன்னேன். "கண்டிப்பா மேடம். இந்த வாரம் ஷிஃப்ட்டு மாறிக்கிச்சு. அடுத்த வாரம் கண்டிப்பா." அவன் கெட்டவன் இல்லை. கேட்டதெல்லாம் அனுப்புவான். கேட்காததையும் அனுப்புவான். சக்கர நாற்காலி, வாக்கர், காற்று மெத்தை, பெரியவர்களுக்கான டயபர் மூட்டை என்று ஆன்லைனில் வந்துகொண்டே இருக்கும். பாதி பிரிக்காமல் அட்டைப்பெட்டியோடு மூலையில் கிடந்தது. நடுநடுவே வீடியோ காலில் வருவான். "நைனா, நல்லா கீறியா? துன்னியா?" என்பான். அவர் போனைத் தொடப் போவார். விரல் பட்டு கால் கட்டாகிவிடும்.

பொங்கல் முடிந்து சில நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மகள் எனக்குப் போன் செய்தாள்.

"மேடம், நைனாவுக்கு விடியலேர்ந்து இழுத்துக்கினு கீது."

"எது இழுக்குது? கையா, மூச்சா?"

"மூச்சுதான் மேடம். பனியில சளி புடிச்சிக்கிச்சு. நெஞ்சு கொர்ரு கொர்ருனு கீது. நேத்து வரிக்கும் நல்லாதான் துன்னாரு."

காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் சுடுகிறது என்றாள். சளி முற்றுமுன் ஆஸ்பத்திரியில் காட்டிவிட வேண்டும், ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்றேன்.

"அண்ணனுக்கு போன் போட்டேன் மேடம். இந்த மாதிரி நைனாவுக்கு இழுத்துக்கினு கீது, வண்டி எடுத்துக்கினு வாண்ணான்னு சொன்னேன். அழுதுட்டாரு மேடம். இதோ வந்துட்டேன்னு வெச்சிட்டாரு."

எனக்கு அந்த மகன்மேல் முதல் முறையாக நல்ல எண்ணம் வந்தது. அழுதானாமே, வரட்டும் என்று நினைத்தேன். நான் நேராகச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய் நின்றேன். தெரிந்த நர்ஸ் ஒருத்தி இருந்தாள். இப்படி ஒருவர் வருவார், விழுங்குவதில் சிக்கல் உள்ளவர், தண்ணீர் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லிவைத்தேன். வாசலிலேயே நின்றிருந்தேன். வெயில் ஏறியது. வண்டி வரவில்லை.

மகளுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. திரும்பத் திரும்பச் செய்தேன். கடைசியில் மகனுக்குச் செய்தேன். எடுத்தான். பின்னால் ஒரே சத்தம், பெண்கள் அழும் குரல்.

"எங்க இருக்கீங்க? ஏன் இன்னும் வரல?"

"எல்லாரும் வந்துட்டாங்க மேடம். எங்க அத்தைக்காகத்தான் வெயிட் பண்ணிக்கினு கீறோம். நீங்களும் வந்து கடைசியா ஒருவாட்டி மூஞ்ச பாத்துடுங்க மேடம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தங்கை மூச்சைச் சொன்னாள், அண்ணன் காதில் உயிர் என்று விழுந்திருக்கிறது. வண்டி கொண்டு வா என்றாள், அவன் ஒரு வேனைப் பிடித்து ஊர் ஊராகச் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். நான் போனில் கத்தினேன். அவர் சாகவில்லை, வெறும் சளி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள் என்று கத்தினேன். "ஆமா மேடம், ஆமா, வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டான். என்ன கேட்டதோ அவனுக்கு.

ஆம்புலன்ஸுக்கு நானே சொல்லி முகவரி கொடுத்தேன். பிறகு ஸ்கூட்டரை எடுத்துத் திருக்கழுக்குன்றம் வழியாக விரட்டினேன். மாமல்லபுரம் தாண்டி ஈ.சி.ஆரில் ஏறியதும், ஞாயிற்றுக்கிழமை கூட்டம். கடல் பார்க்க வந்த கார்களுக்கு நடுவில் ஹாரன் அடித்துக்கொண்டே போனேன். எனக்கு அழுகை வரவில்லை. வாயில் வந்ததெல்லாம் வசவுதான்.

தெருவில் ஆம்புலன்ஸ் இல்லை. வேன் மட்டும் நின்றது. வாசல் முழுக்கச் செருப்பு. வெளியே நின்ற ஒருவர் என்னைப் பார்த்து, "ஆம்புலன்ஸு வந்துச்சுமா, திருப்பி அனுப்பிட்டோம். போற உசுர ரோட்ல போட்டு இன்னாத்துக்கு அலையவெக்கணும்?" என்றார். ஏதோ நல்லது செய்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

உள்ளே நுழைய இடமில்லை. தோள்களைத் தள்ளிக்கொண்டு போனேன். கட்டிலில் அவரைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அவருடைய தங்கை, அந்த அத்தை, கையில் வெள்ளி டம்ளரும் கரண்டியுமாக உட்கார்ந்திருந்தாள். பால். எங்கள் ஊரில் கடைசிப் பால் என்றால் ஒவ்வொருவராக வந்து ஒரு கரண்டி ஊற்ற வேண்டும். அது பாசம், அது கடன், அதை விட்டவன் காலம் முழுக்கப் பேச்சுக் கேட்க வேண்டும். தலைமாட்டில் மகள். எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறாள். "போற நேரத்துல இன்னாடி டாக்டர் பேச்சு?" என்று அடக்கியிருக்கிறார்கள். அவள் அழுதுகொண்டே ஒரு காரியம் செய்துகொண்டிருந்தாள். அவர் தாடையை உள்ளங்கையில் பிடித்து நெஞ்சை நோக்கித் தாழ்த்தி வைத்திருந்தாள். ஊற்றத்தான் போகிறார்கள், இப்படியாவது கொஞ்சம் காப்பாற்றலாம் என்று.

அவர் குடிக்கவில்லை. உதட்டை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் கைதட்டிக் கற்றுக்கொடுத்த அதே தலையாட்டல். அத்தை ஊற்றிய பால் கன்னத்தில் வழிந்தது. அடுத்து வந்தவர் ஊற்றியதும் வழிந்தது. "நிறுத்துங்க" என்று கத்தினேன். அழுகைச் சத்தத்தில் என் குரலும் ஒரு அழுகையாகத்தான் கேட்டிருக்கும்.

"உசுரு புள்ளயத் தேடுதுடா" என்றாள் அத்தை. "அதான் வாங்க மாட்டன்னுது. நீ குடுடா."

மகன் முன்னால் வந்து கட்டிலில் உட்கார்ந்தான். மாதக்கணக்கில் வராதவன். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டு, "நைனா, நான் வந்துகீறேன் நைனா" என்றான்.

அவர் மகனைப் பார்த்தார். தலையாட்டல் நின்றது. வாயைத் திறந்தார்.

நன்றாகத் திறந்தார். மகன் ஊற்றினான். உள்ளே போனது. "குடிக்கிறாரு! நைனா குடிக்கிறாரு!" என்று அவன் அழுகையும் சிரிப்புமாகக் கத்தினான். இன்னொரு கரண்டி. அதற்கும் திறந்தார். நான் கட்டிலை எட்டி அவன் கையைத் தட்டிவிடுமுன் மூன்றாவதும் போய்விட்டது. டம்ளர் கீழே உருண்டது. அவர் இருமவே இல்லை. இருமியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்திருக்கும். கண்ணில் மட்டும் நீர் கோத்தது, உதடு மெல்ல நிறம் மாறியது. பார்வை மகன் முகத்திலேயே இருந்தது.

"யாரும் சாகல இங்க! மூச்சு அடைக்குது, தூக்குங்க!" என்று கத்தினேன்.

"வாயக் கழுவும்மா. வூட்ல நின்னுகினு இன்னா வார்த்த பேசுற?" என்றாள் அத்தை. சாவுக்கு வேன் வைத்து வந்த கூட்டத்தில் அந்த வார்த்தையை வாயால் சொன்ன பாவி நான் ஒருத்திதான்.

கடைசியில் அந்த வேனிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். மகன்தான் தூக்கினான், அதையும் சொல்ல வேண்டும். வழியெல்லாம் அவரைப் பக்கவாட்டில் படுக்கவைத்து முதுகைத் தட்டிக்கொண்டே வந்தேன். நர்ஸ் காத்துக்கொண்டிருந்தாள். நுரையீரலில் இறங்கிவிட்டது. அந்த வாரம் தாண்டவில்லை அவர். கடைசி நாள்களில் மகளும் நானும்தான் மாறி மாறி இருந்தோம். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை.

காரியத்துக்குப் போனேன். போகக் கூடாது என்றுதான் இருந்தேன், மகளுக்காகப் போனேன். மகன் தலை மொட்டையாக வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றான். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"நீங்கதான் மேடம் சொல்லிக்கினே இருப்பீங்க, ஒருவாட்டி வாங்க, உங்க கையால குடுங்கன்னு. கடசில அதான் நடந்துச்சு. யார் குடுத்தும் வாங்கல, என் கையால வாங்கிகினாரு. எனக்கு அது போதும் மேடம்."

அவன் கண் கலங்கியிருந்தது. அதில் துளிப் பொய் இல்லை. அவனிடம் சொல்ல எனக்கு வாய் நிறைய இருந்தது. நீதான் கொன்றாய் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் நம்புவான், அதோடு முடிந்தான். அவனுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். நான் கையை உருவிக்கொண்டேன். அத்தை இலை போட்டிருப்பதாக வந்து கூப்பிட்டாள். உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்தச் சோற்றை நான் எப்படித் தின்றேன் என்று இன்றைக்கும் என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

கூட்டம் கலைந்தபின் மகள் என்னைப் பின்பக்கம் கூப்பிட்டாள். துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தோம். முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"மேடம், உங்களாண்ட ஒண்ணு கேக்கணும். அது இன்னா பாலுன்னு நைனாவுக்குத் தெரியுமா?"

நான் தொழில்காரியாகப் பதில் சொன்னேன். பக்கவாதம் வந்த மூளை, தெரிந்த குரல் கேட்டதும் பழக்கத்தில் வாய் தானாகத் திறக்கும், அது யோசித்துச் செய்வதில்லை என்று படித்ததையெல்லாம் சொன்னேன். இந்த மாதிரி வீடுகளில் சொல்வதற்கென்றே நாங்கள் வைத்திருக்கும் பேச்சு அது.

அவள் முழுக்கக் கேட்டாள்.

"அப்பிடி இல்ல மேடம். எங்க அம்மாவுக்கு உசுரு போறப்ப மொத பால் ஊத்துனதே நைனாதான். அவருக்குத் தெரியாதா? அத்த வந்தா வாய மூடினாரு, மாமன் வந்தா மூடினாரு. தெரிஞ்சிகினுதான மூடினாரு? அப்போ தெரிஞ்சிகினுதான தொறந்தாரு?"

அவள் அதோடு விடவில்லை.

"நான் ஒரு வாய் குடுக்க ஒருநாளு பூரா தொண்டைய தொட்டுத் தொட்டுப் பாத்தேன் மேடம். எனக்காவ ஒருவாட்டி அந்தப் பால வேணாம்னு மூடிக்கலாம்ல அவரு?" என்றாள். "எல்லாரும் எங்க அண்ணன் மேல எனக்குக் கோவம்னு நெனச்சிக்கினு கீறாங்க. அவரு மேல இல்ல மேடம். நைனா மேலதான்."

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டிய இடம் அது. அதற்குத்தான் நான் படித்தேன்.

"எனக்கும் அவர் மேலதாம்மா" என்றேன்.